கட்டைவிரல் ரேகை

நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் ரேங்க் கார்டில் அப்பாவின் கைநாட்டு வாங்கி வந்திருந்தான். பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் ஊதா மையில் ஒரு ரேகை. ஆனால் அது புளியங்கொட்டை அளவுக்குத்தான் இருந்தது. மண்வெட்டி பிடிக்கிற கட்டைவிரல் அவ்வளவு சின்னதாய் இராது. பையனின் கையை விரித்துப் பார்த்தேன். நகக்கண்ணில் மை. என் மேஜையிலிருந்த ஸ்டாம்ப் பேடிலேயே ஒற்றியிருக்கிறான். வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டு உள்ளங்கையில் நான்கு அடி கொடுத்தேன். பொய் சொன்னதற்காக அடித்ததாகத்தான் அன்று நினைத்தேன்.

"கண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிடுங்க சார்" என்று பிள்ளையைச் சேர்க்க வருகிற தகப்பனார்கள் சொல்வார்கள். முப்பத்து நான்கு ஆண்டு தொடக்கப் பள்ளி வேலையில் இதை எத்தனை முறை கேட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். 'உங்களை நம்பி விடுகிறேன்' என்பதற்கு அவர்களிடம் இருந்த சொல் அது. விரலைப் பிடித்து நிற்கிற ஐந்து வயதுக்கு அது புரியுமா? பிள்ளை என் முகத்தைப் பார்க்காது, கையைத்தான் பார்க்கும். அதே தகப்பனார் இரண்டு மாதம் கழித்து, பிள்ளையின் தொடையில் தடித்த வரிகளைக் காட்டி, "இப்படியா சார் அடிப்பாங்க?" என்று சண்டைக்கு வருவார். இரட்டை நாக்கு என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வோம். யோசித்தால் அதில் முரண் ஒன்றும் இல்லை. அவர் கொடுத்துவிட்டுப் போனது உரிமை. தொடையில் அவர் கண்டது கோபம்.

ஆசிரியருக்குக் கோபம் ஏன் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்போ ஐந்து. நான் மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் சொல்லிக்கொடுக்கும்போது என் பொறுப்பிலுள்ள மற்ற வகுப்பு என்ன செய்யும்? சத்தம் போடும். அலுவலகத்திலிருந்து விவரம் கேட்டுப் போன் வந்தால் இரண்டு வகுப்பும் சேர்ந்து சத்தம் போடும். அப்போது எங்களுக்கு வேண்டியிருந்தது அமைதி. அதற்கு 'ஒழுக்கம்' என்று பெயர் வைத்துக்கொண்டோம். பிரம்பு எடுத்ததில் பாதி, ஆள் பற்றாக்குறையால் எடுத்தது.

எங்கள் கை போதாத இடத்தில் வகுப்புத் தலைவன் இருந்தான். திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையின் வாரிசு. பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவான். மறுபடி பேசினால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அரை மாங்காய்க்கு ஒரு பெயர் அழிந்துபோகும் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. குடிமைப் பாடம் அங்கேயே நடந்துகொண்டிருந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு கல்வி விதிகளில் 51ஆம் விதியைத் திருத்திப் பள்ளிகளில் அடிப்பதைத் தடை செய்தார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடலை வருத்துவதோடு மனத்தை வருத்துவதையும் தடுக்கிறது. பிரம்பு பீரோவுக்குப் பின்னால் போயிற்று. நாக்கு வெளியே வந்தது. "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று ஒருவனைச் சொன்னேன். அவன் அப்பா மாடு மேய்ப்பவர். அவரோ பிள்ளையிடம் வாத்தியாரைப் பற்றி ஒரு சொல் குறைத்துப் பேசியதில்லை.

இளைய ஆசிரியர்கள் இன்று "அடித்தால் கேஸ், அடிக்காவிட்டால் கெட்ட பெயர்" என்று அலுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் அலுப்பு நியாயம்தான். கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்ட அரசு, அந்த இடத்தில் வைக்க மூன்றாவது ஆசிரியரைத் தரவில்லை. ஆனால் பிரம்பு திரும்பக் கிடைத்தால் சரியாகிவிடும் என்று அவர்கள் சொல்லும்போது எனக்கு அந்த ஊதா ரேகைதான் நினைவுக்கு வருகிறது.

வீட்டில் சோறு உண்ணாத பிள்ளையிடம் அம்மா, "இரு, நாளைக்கு உங்க டீச்சர்கிட்டச் சொல்றேன்" என்கிறாள். பள்ளியில் டீச்சர், "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வந்தாத்தான் உள்ளே விடுவேன்" என்கிறார். ஒருவர் இன்னொருவரைப் பூச்சாண்டியாக வைத்துக்கொள்கிறோம். தப்புச் செய்த பிள்ளை போய் உண்மையைச் சொல்ல மூன்றாவது ஆள் யார் இருக்கிறார்கள்? பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கூட்டங்களில் சுற்றுச்சுவர், கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி பற்றிப் பேசினோம். அவசியமான பேச்சுதான். எங்கள் இரு தரப்புக்கும் பிள்ளை ஏன் பயப்படுகிறது என்று ஒரு கூட்டத்திலும் பேசிய நினைவில்லை.

நாங்கள் அமைதியை ஒழுக்கம் என்றோம். வள்ளுவரோ அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமும் ஒழுக்கமுடைமைக்குத் தனியாக அடுத்த அதிகாரமும் வைத்தார். ஒழுகுதல் என்றால் இடைவிடாமல் நடந்துவருவது. அது தினமும் பார்த்துப் பழகுவதில் வரும். சத்துணவு சாப்பிட்டதும் குழாயடியில் தட்டுக் கழுவ முட்டி மோதுவார்கள். கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர் ஒன்றும் சொல்லாமல் தம் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். தினமும் நின்றார். நாலைந்து வாரத்தில் ஒன்றாம் வகுப்புக் குஞ்சுகளை முன்னால் விடுகிற பழக்கம் தானாக வந்துவிட்டது. அந்த டீச்சர் லீவு போட்ட நாளிலும் அது நிலைத்தது.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் அந்த நான்காம் வகுப்புப் பையன் தன் மகளைச் சேர்க்க வந்தான். "நீங்க அடிச்ச அடிதான் சார் என்னை ஆளாக்குச்சு. இவளையும் கண்ணை மட்டும் விட்டுட்டு..." என்று ஆரம்பித்தான்.

"அந்த ரேகை ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

சத்தமாகச் சிரித்தான். "வேற என்ன சார் பண்றது? கணக்குல பதினொண்ணு மார்க். காட்டினா அப்பா அடிப்பாரு, காட்டாமப் போனா நீங்க அடிப்பீங்க."

சேர்க்கைப் படிவத்தை நீட்டினேன். ஸ்டாம்ப் பேடு பக்கத்தில்தான் இருந்தது. அதைத் தள்ளிவிட்டு, இனிஷியலோடு முழுப் பெயரையும் நிதானமாக எழுதினான். அந்தப் பெண் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.