பழசைக் கிளறலாமா?

பிறர் செய்த தீமையை அன்றைக்கே மறந்துவிடச் சொல்கிறார் வள்ளுவர். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் அந்தக் குறளுக்கு ஒரு புழங்கு வடிவம் இருந்தது: "பழசைக் கிளறாதே." ஆச்சி சொல்வாள், அம்மா சொல்வாள், அத்தைமார் சொல்வார்கள். புகுந்த வீட்டில் வாங்கிய அடியும், சின்ன வயதில் சித்தியிடம் கிடந்த பட்டினியும் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடும். நானும் அதை அறமென்றே நம்பி வளர்ந்தேன். இப்போது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்குப் போய் மனநல சிகிச்சை செய்கிறேன். பழசைக் கிளறுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கைக்குழந்தைக்கு என்னடி மனநலம் என்று ஊரில் கேட்பார்கள். பாலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தை உண்டு. தூக்கினால் விறைத்துக்கொள்வது உண்டு. அழுது பார்த்துவிட்டு, யாரும் வராததால் அழுகையையே நிறுத்திவிட்டதும் உண்டு. அந்தக் குழந்தையைப் பார்த்து, "எவ்வளவு சமத்து!" என்று மெச்சிவிட்டுப் போவார்கள். எங்கள் சிகிச்சையில் குழந்தையைத் தனியாகவும் பார்ப்பதில்லை, தாயைத் தனியாகவும் பார்ப்பதில்லை. வாரத்துக்கு ஒருநாள், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல், அவர்கள் வீட்டுத் தரையிலேயே மூவரும் உட்கார்ந்திருப்போம். சோபாவில் துவைத்த துணி குவிந்து கிடக்கும், டிவி ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த வழியைத் திறந்தவர் செல்மா ஃப்ரைபெர்க். சமூகப்பணி படித்து உளப்பகுப்பாய்வுக்கு வந்தவர். ஆன் ஆர்பரில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அவர் குழு வேலை செய்தது. எட்னா ஏடல்சன், விவியன் ஷபீரோ இருவரோடும் சேர்ந்து 1975இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே குழந்தையின் அறையில் பேய்கள் என்பதுதான். தாய் தகப்பனின் நினைவுக்கு வராத கடந்த காலத்தைத்தான் பேய் என்றார். கட்டுரையில் மேரி என்ற பெயரில் ஒரு குழந்தை வருகிறது, ஐந்தரை மாதம். குழந்தை தொண்டை கட்டக் கத்துகிறது, தாய் எங்கோ பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் படச்சுருளைப் போட்டுப் பார்த்தவர்கள், இந்தத் தாய்க்கு ஏன் பிள்ளையின் அழுகை கேட்கவில்லை என்று தங்களையே கேட்டுக்கொண்டார்கள். அவளும் கைவிடப்பட்டு வளர்ந்தவள். அவள் அழுகையை யாரும் கேட்டதில்லை. ஏடல்சன் அந்த வீட்டுக்கே போய் அவள் கதையைக் கேட்டார். அவள் தனக்காக அழத் தொடங்கிய பிறகுதான், கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையைத் தொட்டாள், எடுத்தாள், அணைத்தாள்.

கொடுமைக்கு ஆளாகி வளர்ந்த எல்லோரும் பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவதில்லை. அது ஏன் என்பதுதான் ஃப்ரைபெர்க்கை உறுத்திய கேள்வி. அவருக்குக் கிடைத்த விடையில், நடந்ததை ஞாபகம் வைத்திருப்பது பெரிதில்லை. "என்னை அடிப்பார்கள்" என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். அடி விழும்போது வயிற்றுக்குள் எழுந்த பயம் நினைவிருக்கிறதா? அது நினைவிருப்பவள் தன் பிள்ளை மேல் கை ஓங்கத் தயங்குகிறாள். அந்தப் பயத்தைப் புதைத்துவிட்டவள் தன்னை அறியாமல் அடித்தவர் பக்கம் போய் நின்றுகொள்கிறாள்.

நான் போன வீடுகளில் ஒன்றைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுத முடியும். அம்மாவுக்கு இருபத்திரண்டு வயது, மகனுக்கு ஏழு மாதம். காரில் பொருத்தும் குழந்தை இருக்கையோடு அவனைத் தரையில் இறக்கி வைத்திருப்பாள். துண்டை மடித்து மார்பில் வைத்து, பால் புட்டியை அதில் முட்டுக்கொடுத்திருப்பாள். புட்டி நழுவும். அவன் தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடுவான், அப்புறம் கத்துவான். அவள் துண்டைச் சரிசெய்துவிட்டுப் பேச்சைத் தொடர்வாள். தூக்கி மடியில் போட்டுக்கொள்ள என் கை துறுதுறுக்கும். தூக்கக் கூடாது. நான் தூக்கினால் அவன் குடித்துவிடுவான். அவள் தன் வீட்டிலேயே இன்னொரு முறை தோற்றுப்போவாள்.

"அம்மா குடிப்பாள். என்னைக் கோட்டு மாட்டும் அறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு வெளியே போய்விடுவாள்" என்று பஸ் நேரம் சொல்கிற குரலில் ஒருநாள் சொன்னாள். "இது எங்கள் தலைமுறைச் சாபம் என்று பாஸ்டர் தலையில் கைவைத்து ஜெபித்தார். நானும் மன்னித்துவிட்டேன். அது முடிந்துபோச்சு."

உள்ளே என்ன தெரியும் என்று கேட்டேன்.

"கதவுக்கு அடியில் வெளிச்சம்."

பசித்தால்?

பதிலில்லை. பையன் கத்திக்கொண்டிருந்தான். பிறகு, "கோட்டின் கையைச் சப்புவேன். பாச்சை உருண்டை நாற்றம் அடிக்கும்" என்றாள். சொல்லும்போதே முகம் கோணிக்கொண்டது. அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். அழுகையோடேயே திரும்பி மகனைப் பார்த்தாள்; வாரை அவிழ்த்துத் தூக்கினாள். அடுத்த வாரம் துண்டு மறுபடியும் வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பல மாதங்கள் அது வருவதும் போவதுமாக இருந்தது.

அந்தப் பாஸ்டர் நல்ல மனிதர். அவர் சபைதான் அவள் வீட்டுக்கு வாடகை கட்டியது. ஆனால் பட்ட வலி நினைவிலேயே இல்லாதவள் எதை மன்னித்தாள்? தலைமுறைச் சாபம் என்பதைக் கேட்டதும் எனக்கு ஊர் ஞாபகம்தான் வந்தது. நாம் முன்வினை என்கிறோம், பிதுர் தோஷம் என்கிறோம், பரிகாரத்துக்கு நாள் குறிக்கிறோம். இத்தனைக்கும் தகப்பன் பாவத்தை மகன் சுமக்க மாட்டான் என்று விவிலியத்திலேயே எசேக்கியேல் அடித்துச் சொல்கிறார். சாபமென்றோ வினையென்றோ பெயர் வைத்ததும் நமக்கு நிம்மதி. தொட்டிலில் கத்துகிற பிள்ளையை யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

பழசையே பேசிப் பாழாய்ப் போனவர்களும் இருக்கிறார்களே என்று கேட்கலாம். இருக்கிறார்கள். என் பெரியப்பா பாகப்பிரிவினையில் பித்தளை அண்டா யாருக்குப் போனது என்பதைச் சாகும்வரை சொன்னார். அன்றைக்குத் தனக்கு மனசு எப்படி இருந்தது என்று ஒருதரம்கூடச் சொன்னதில்லை. அதை நான் நினைவில் சேர்க்க மாட்டேன்.

வள்ளுவரிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு. தீமையை அன்றே மறக்கலாம், அது என்னவென்று அறிந்த பெரியவர்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு, நடந்தது இன்னதென்று சொல்லவே வாயில்லை. அதை அன்றே மறக்கச் செய்தால், பத்திரமாக அடுத்த பிள்ளையிடம் போய்ச் சேரும். ஆனால் அவரை அந்த ஒரு குறளோடு விட்டுவிடுவதும் நியாயமில்லை. அடுத்த குறளிலேயே, கொன்றாற்போன்ற தீங்கைச் செய்தவரானாலும், அவர் முன்பு செய்த ஒரு நன்மையை நினைத்தால் அந்தத் தீங்கு மறைந்துபோகும் என்கிறார். ஃப்ரைபெர்க்கோடு வேலை செய்த அலிசியா லீபர்மன், சான் ஃபிரான்சிஸ்கோவில் தன் குழுவினரோடு 2005இல் எழுதிய கட்டுரையில் இதற்கு மிகப் பக்கத்தில் வருகிறார். பேய்கள் வந்த அறைக்குத் தேவதைகளும் வந்திருப்பார்கள், அன்பாக இருந்த ஒரு கணத்தையும் தேடி எடுங்கள் என்கிறார். என் அனுபவத்தில் வரிசை முக்கியம். கோட்டு அறையைப் பற்றி அழுது வெகுநாள் கழித்துத்தான், குடிக்காத ஒரு சனிக்கிழமை அம்மா தனக்குத் தலை பின்னிவிட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. நான் முதல் நாளே, "அம்மா நல்லது எதுவும் செய்யவில்லையா?" என்று கேட்டிருந்தால் வாசலைக் காட்டியிருப்பாள்.

ஆகவே போதகர்களுக்கும் குருக்களுக்கும், முக்கியமாக வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை பெற்று வந்திருக்கும் பெண் தன் சின்ன வயதைப் பற்றி ஏதாவது சொல்லத் தொடங்கினால், மன்னிக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். "பெத்தவளைக் குறை சொல்லாதே" என்று வாயை அடைக்காதீர்கள். பிள்ளை அவள் மடியிலேயே இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள்.