வைக்கோலின் விலை

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் சாலையில் அறுவடைக்குப் பிந்திய நாட்களில் பிரயாணம் செய்தவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். இரு புறமும் பிதுங்கி வழிகிற வைக்கோல் பாரத்துடன் ஒரு லாரி, கர்ப்பிணிப் பெண்ணைப்போல் அசைந்து அசைந்து போகும். பின்னால் வருகிற கார்க்காரர் ஹாரனை அடித்து அடித்து அலுத்துப் போவார். காலையில் அவர் குடித்த காப்பியின் பால் இந்த லாரியிலிருந்துதான் புறப்பட்டது என்று சொன்னால், அவர் நம்புவாரோ என்னவோ! ஆனால் உண்மை அதுதான். வைக்கோல் மாட்டுக்குள் போகிறது. பால் வெளியே வருகிறது. நடுவில் நடப்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

வைக்கோலைப் பற்றி ஒரு கட்டுரையா, அதிலும் தர்மத்தைப் பற்றிய கட்டுரையா என்று வாசகர்கள் நகைக்கக் கூடும். நானும் ஒரு காலத்தில் நகைத்திருப்பேன். ஆனால் என் மனச்சாட்சியைப் பெரிய பெரிய விஷயங்கள் எதுவும் உறுத்தாத அளவுக்கு, ஒரு சிறு லாரி வைக்கோல் உறுத்திக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லிவிடுவதுதான் நல்லது.

எங்கள் சமவெளியின் அமைப்பை முதலில் சொல்ல வேண்டும். மேற்கே கொடைக்கானல் மலை, கிழக்கே சிறுமலை. மேற்கு மலையின் அடிவாரத்தில், மருதாநதியும் மஞ்சளாறும் வைகையும் தொட்ட இடங்களில் கொஞ்சம் நெல் விளையும். வடக்கே வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கம் போனால் வானம் பார்த்த பூமி. அங்கே மாட்டுக்குச் சோளத்தட்டையும் கடலைக்கொடியுமே ஆகாரம். மழை ஏமாற்றினால் தட்டையும் இல்லை, கொடியும் இல்லை. அப்போது அந்த ஜனங்கள் நெல் விளைகிற பக்கத்தை நோக்கி வைக்கோலுக்கு வருவார்கள். இது நெடுங்காலத்து வழக்கம்.

அந்த நாளில் வைக்கோல் வீட்டுச் சொத்தாக இருந்தது. களத்தில் மாடு கட்டிப் போரடித்து, உதறிக் காயவைத்து, மழை இறங்காதபடி கைதேர்ந்த ஆள் ஒருவர் மேலே நின்று போர் போடுவார். எங்கள் பக்கத்தில் அதைப் படப்பு என்பார்கள். ஒரு வீட்டின் செல்வாக்கைப் படப்பின் உயரத்தைக் கொண்டு அளந்தவர்களும் உண்டு. ஆனால் பக்கத்து வீட்டு மாடு பட்டினி கிடக்கும்போது இரண்டு கட்டு உருவிக் கொடுப்பதற்கு யாரும் கணக்கு எழுதியதில்லை. அடுத்த அறுப்பில் அது திரும்பி வரும். வராவிட்டால் ஒரு நாள் உழவாக வரும்.

இன்று நெல் அறுக்கும் இயந்திரம் ஒரே நாளில் வயலை முடித்துவிடுகிறது. பின்னால் வரும் மற்றோர் இயந்திரம் வைக்கோலை வாரிச் சுருட்டி உருளை உருளையாகக் கட்டிப் போட்டுவிட்டுப் போகிறது. உருண்டதும் அதற்குக் கால் முளைத்துவிடுகிறது! தஞ்சாவூர் வயலில் உருண்ட வைக்கோல் இங்கே வருகிறது. இங்கே உருண்டது மலையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போகிறது. விலை என்பது இப்போது அண்டை வீட்டுக்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற காரியமல்ல. அதை எங்கோ ஒரு தரகரின் தொலைபேசி சொல்கிறது.

2016-ம் ஆண்டு வந்தது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவிகிதம் குறைந்து போயிற்று. 2017 ஜனவரி 10-ந் தேதி மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. கிணறுகளில் அடிப்பாறை தெரிந்தது.

வறட்சிக் காலத்தில் ஒரு விசித்திரமான தராசு இயங்குவதை அப்போதுதான் கண்டேன். ஒரு தட்டில் வைக்கோல், மறு தட்டில் மாடு. வைக்கோலின் விலை ஏற ஏற மாட்டின் விலை இறங்குகிறது. தீனி போட முடியாதவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் சந்தைக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தால் விலை எப்படி நிற்கும்? வாங்கும்போதும் ஏழை நஷ்டப்படுகிறான், விற்கும்போதும் நஷ்டப்படுகிறான்.

இனி என் கதை. வத்தலக்குண்டுப் பக்கம் எங்கள் பாட்டனார் காலத்து நிலம் கொஞ்சம் இருக்கிறது. 2015-ம் ஆண்டு மழை கொட்டித் தீர்த்ததல்லவா? அந்த மழையில் விளைந்த நெல்லின் வைக்கோல், நான் விற்கச் சோம்பியதால், பெரிய படப்பாக அப்படியே நின்றது. என் சோம்பல் 2017-ம் ஆண்டுக் கோடையில் புத்திசாலித்தனமாக மாறிவிட்டது. தரகர்கள் தேடி வந்தார்கள். வழக்கமான விலையைப் போல் மூன்று மடங்கு என்றார்கள்.

ஒரு நாள் காலையில் நான் அங்கே போயிருந்தபோது, வேடசந்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மாள் சிறு லாரி ஒன்றை வாடகைக்குப் பேசிக்கொண்டு வந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கலாம்.

“அண்ணே, ரெண்டு மாடு நிக்குது. ஒண்ணு சினை. எங்க ஊருக்குள்ளே தட்டைங்கற பேச்சே இல்லே. பார்த்து ஒரு விலை சொல்லுங்க” என்றாள்.

நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர் எனக்கு முந்திப் பதில் சொன்னார்: “விலையை நாங்க வைக்கலேம்மா. ஊரு பூரா அதுதான் ஓடுது.”

அவள் பேரம் பேசவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எண்ணிக்கொண்டே, யாருக்கோ சொல்வதைப்போல் சொன்னாள்: “மூணு நின்னுச்சு. ஒண்ணை மணப்பாறைச் சந்தையிலே தள்ளிட்டுத்தான் இதுகளுக்கு வாங்க வந்தேன்.”

இதில் என் குற்றம் எது என்று கேட்பீர்கள். அன்று காலை எட்டு மணிக்குத் திண்டுக்கல்லிலிருந்து ஒரு சிநேகிதர் என்னோடு பேசியிருந்தார். வறட்சிக்காக மானிய விலையில், கிலோ 2 ரூபாய்க்கு, அரசு உலர்தீவனம் கொடுக்கும் கிடங்கு ஒன்று அந்த அம்மாளின் பக்கத்தில் அடுத்த வாரம் திறக்கப் போகிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். எனக்கு அது தெரியும். அவளுக்குத் தெரியாது. ஒரு வாரத்துக்குப் போதுமான கட்டுகளை மட்டும் வாங்கிக்கொண்டு போ அம்மா என்று சொல்ல, அரை நிமிஷம் போதும். நான் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை, அவ்வளவுதான். வண்டி நிறைந்தது. “வாரேன் அண்ணே” என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அன்று இரவு எனக்கு நானே வக்கீல் ஆனேன். ஆடம் ஸ்மித்தைத் துணைக்கு அழைத்தேன். 1776-ல் வெளிவந்த தம் பெரு நூலில், பஞ்ச காலத்துத் தானிய வியாபாரியை அவர் கப்பல் தலைவனுக்கு ஒப்பிடுகிறார். கையிருப்பு குறைகிறது என்று தெரிந்தால், விவேகமுள்ள கப்பல் தலைவன் முன்கூட்டியே மாலுமிகளின் பங்கைக் குறைக்கிறான். அதுபோல வியாபாரி விலையை ஏற்றி ஜனங்களைச் சிக்கனமாகச் செலவழிக்கச் செய்கிறான் என்பது அவருடைய வாதம். வாதம் அறிவுக்குப் பொருந்துகிறது. மலிவாகக் கொடுத்திருந்தால் என் படப்பு மாசி மாதத்திலேயே யாரோ ஒரு தரகர் கையில் போய், அவர் அதை மூன்று மடங்குக்கு விற்றிருப்பார். லாபம் இடம் மாறியிருக்கும். அந்த அம்மாளின் கஷ்டம் மாறியிருக்காது.

ஆனால் இந்த வாதம் நம் மண்ணில் ஒருமுறை பரீட்சை செய்யப்பட்டிருக்கிறது. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில், தானிய வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாது என்பதே வைஸ்ராய் லிட்டனின் கொள்கையாக இருந்தது. விலை ஏறினால் தானியம் தானாகத் தேடி வரும் என்றார்கள். ரயிலும் இருந்தது, தானியமும் வந்தது. ஆனால் அதை வாங்கக் காசில்லாத லட்சக்கணக்கான ஜனங்கள் மடிந்தார்கள். கப்பல் தலைவன் எல்லா மாலுமிக்கும் பங்கைக் குறைக்கிறான். விலையோ பணமுள்ளவன் பங்கைத் தொடுவதில்லை. இல்லாதவன் பங்கை மட்டும் அடியோடு எடுத்துவிடுகிறது. உவமை அழகானதுதான், ஆனால் அந்த இடத்தில் ஓட்டையாகிவிடுகிறது.

வைக்கோலுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. விலை ஏறிவிட்டது என்பதற்காக அதை ஒரு மாதத்தில் உற்பத்தி செய்ய முடியாது. நெல் விளைந்தால்தான் வைக்கோல். அந்த ஆண்டு தஞ்சைச் சீமையிலேயே சம்பா பொய்த்திருந்தது. விலை கூவி அழைத்தது. வருவதற்கு வைக்கோல் இல்லை. மாட்டிடம் போய், விலை இறங்குகிற வரை பொறுத்துக்கொள் என்று சொல்ல முடியுமா? அது நாளுக்கு ஐந்தாறு கிலோ கேட்கிற வயிறு.

இப்படி வாதாடிக்கொண்டிருந்தபோதுதான், எப்போதோ படித்த ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியின் சிசரோ, ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தம் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் வரும் வழக்கு இது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாந்திரியாவிலிருந்து ஒரு வியாபாரி கப்பல் நிறையத் தானியத்துடன் வந்து சேர்கிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை வழியில் பார்த்திருக்கிறான். அதைத் தீவு ஜனங்களிடம் சொல்ல வேண்டுமா? அல்லது வாயை மூடிக்கொண்டு கொள்ளை விலைக்கு விற்கலாமா?

டயோஜினிஸ் என்ற ஞானி, சரக்கில் உள்ள குறையைச் சொல்வதுதான் விற்பவன் கடமை. சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்கிறார். அவருடைய சீடரான அந்திபாதர் மறுக்கிறார்: மனிதர்கள் ஒருவருக்கொருவர் உதவப் பிறந்தவர்கள், மற்றவருடைய நன்மையே உன் நன்மை, தெரிந்ததைச் சொல்லத்தான் வேண்டும். சிசரோ சீடரின் கட்சியில் சேர்ந்து, வியாபாரி மறைத்திருக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்கிறார்.

ரோட்ஸ் தீவு எங்கே, வத்தலக்குண்டு எங்கே! ஆனால் அன்று எங்கள் களத்தில் நின்றது அந்தக் கப்பல்தான். இந்த வழக்கில் என்னைத் தொட்டது ஒன்று. அந்த வியாபாரி அதிக விலை கேட்டதை அவர்கள் விசாரிக்கவில்லை. அவனுடைய மௌனத்தை விசாரித்தார்கள்.

அதிலிருந்து எனக்கு ஒரு தெளிவு உண்டாயிற்று. விலை ஏறியதற்கு மழை காரணம், இயந்திரம் காரணம், லாரி காரணம். இத்தனை பேர் செய்த காரியத்துக்கு நான் ஒருவன் பிராயச்சித்தம் செய்ய முடியாது. ஆனால் அந்த மௌனம் முழுக்க முழுக்க என்னுடையது. அதை வேறு யாரும் செய்யவில்லை. என் வைக்கோலுக்கு நான் விலை வாங்கலாம். என் வயலில் விளைந்தது. அவளுடைய அறியாமைக்கு நான் எப்படி விலை வாங்கலாம்? அது என் வயலில் விளையவில்லையே! அண்ணே என்று அழைத்தவளிடம் வைக்கோலை விற்றது வியாபாரம்; அவளுக்குத் தெரியாததையும் சேர்த்து விற்றது திருட்டு.

வியாபாரிகளுக்கு வேண்டிய அறிவுரையை வள்ளுவர் பொருட்பாலில் வைக்கவில்லை; அறத்துப்பாலில், நடுவு நிலைமை என்ற அதிகாரத்தில் கொண்டுபோய் வைத்தார். அது ஏன் என்று பள்ளிக்கூடத்தில் எனக்கு விளங்கியதில்லை. ஒரு வண்டி வைக்கோல் விளங்க வைத்தது. தராசின் முள் நடுவில் நிற்க வேண்டுமானால் எடை மட்டும் சரியாக இருந்தால் போதாது. இரண்டு பக்கமும் நிற்கிறவர்களுக்குத் தெரிந்தது ஒன்றாக இருக்க வேண்டும்.

அதன் பிறகு அந்த அம்மாளை நான் பார்க்கவில்லை. ஊரின் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இப்போதெல்லாம் யாராவது வைக்கோல் கேட்டு வந்தால், பக்கத்து ஊரில் என்ன விலை, எங்கே லாரி வரப் போகிறது என்று எனக்குத் தெரிந்ததை முதலில் சொல்லிவிட்டுத்தான் விலை சொல்கிறேன். நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர் தலையில் அடித்துக்கொள்கிறார். ஒன்றிரண்டு பேர் கேட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போய்விட்டதும் உண்டு. சென்ற மழையில் விற்காமல் கிடந்த அடிக்கட்டுகள் கொஞ்சம் மக்கிப்போயின. போகட்டும்; தென்னைக்கு எருவாயிற்று.

உங்கள் வீட்டு வாசலில் படப்பு இருக்காது. ஆனால் வீட்டை விற்கும்போதோ வாடகைக்கு விடும்போதோ, எதிரில் நிற்கிறவருக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த அரை நிமிஷம் எல்லாருக்கும் வரும். எனக்கு வந்தபோது நான் சும்மா இருந்துவிட்டேன்.