மார்பில் வைத்த கடிதம்

அந்த அண்ணனும் தம்பியும் பேயைத் துரத்தப் போகுமுன் நூலகத்துக்குப் போவார்கள். ‘சூப்பர்நேச்சுரல்’ தொடரில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். 2005இல் தொடங்கி 2020 வரை 327 பகுதிகள் வந்த அமெரிக்கத் தொடர். டீனும் சாமும் 1967ஆம் வருடத்து இம்பாலா காரில் ஊர் ஊராகப் போகிறார்கள். வண்டியில் உப்பு, இரும்பு, துப்பாக்கி எல்லாம் இருக்கும். ஆனால் அவற்றைத் தொடுமுன் பழைய செய்தித்தாள்களைப் புரட்டுவார்கள். ஊர்ப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுப்பார்கள். இங்கே இறந்தது யார்? அவருக்கு என்ன அநியாயம் நடந்தது? பெயர் தெரிந்தால்தான் புதைத்த இடம் தெரியும். பிறகுதான் எலும்பைத் தோண்டி, உப்பிட்டு எரிப்பார்கள்.

ராத்திரி அதில் ஒரு பகுதி பார்த்துவிட்டு, இடைக்கால இங்கிலாந்தைப் பற்றிப் பத்துப் பக்கம் படித்துவிட்டுத் தூங்குவது என் வழக்கம். இயான் மார்ட்டிமர் 2008இல் எழுதிய ‘தி டைம் டிராவலர்ஸ் கைடு டு மெடீவல் இங்கிலாந்து’ அப்படிக் கைக்கு வந்த புத்தகம். 14ஆம் நூற்றாண்டுக்குப் பயணம் கிளம்புகிறவருக்குச் சொல்வதுபோல, என்ன உடுத்துவது, எங்கே தங்குவது, என்ன சாப்பிடக் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போவார். இறந்து 600 வருடம் ஆனவர்கள் அந்தப் பக்கங்களில் நம் எதிரே நடந்து வருவார்கள்.

“பேயும் ராஜாவும்தானா அக்கா? பிரயோஜனமா ஏதாவது படியேன்” என்றாள் தங்கை. அது ஒரு நல்ல கேள்வி. இரண்டும் வெவ்வேறு ஆசைகள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒன்றேதான் என்று எனக்குக் காட்டியவர் 12ஆம் நூற்றாண்டில் யார்க்‌ஷயரில் வாழ்ந்த நியூபர்க் மடத்து வில்லியம். இங்கிலாந்தின் வரலாற்றை எழுதியவர், அரசர்களின் சண்டைகளுக்கு நடுவே, கல்லறையிலிருந்து எழுந்து வந்த சாமானியர்களையும் எழுதிவைத்தார். பக்கிங்ஹாம் பகுதியில் ஒருவன், புதைத்த பிறகும் ராத்திரியில் மனைவியின் படுக்கைக்கு வந்தான். ஊர் நடுங்கியது. விஷயம் லிங்கன் பிஷப் ஹியூவிடம் போனது. இப்படிப்பட்ட உடலைத் தோண்டி எரிப்பதுதான் வழக்கம் என்றார்கள். அது தகாது என்றார் பிஷப். பாவமன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதி, கல்லறையைத் திறந்து, இறந்தவனின் மார்பில் வைக்கச் செய்தார். அதன்பின் அவன் வரவில்லை.

வில்லியம் வாழ்ந்த அதே வட்டாரத்தில், பைலண்ட் மடத்துத் துறவி ஒருவர் 1400 வாக்கில் ஓர் ஏட்டின் வெற்றுப் பக்கங்களில் 12 பேய்க் கதைகளை எழுதினார். 1922இல் அவற்றை அச்சுக்குக் கொண்டுவந்தவர், பேய்க் கதை எழுதிப் பேர் வாங்கிய எம்.ஆர். ஜேம்ஸ். அந்தப் பேய்களுக்கு வேண்டியது கொஞ்சம்தான். ஒன்று, தான் ஒளித்துவைத்த வெள்ளிக் கரண்டிகளை மடத்துத் தலைவரிடம் சேர்த்துவிடச் சொல்கிறது. இன்னொன்று, குதிரையின் கால் ஒடிந்துபோய்த் தவித்த ஒருவனுக்குப் பயறு மூட்டையை ஓடைவரை சுமந்து கொடுக்கிறது; தனக்காகப் பூசை செய்விக்கும்படி கேட்டுக்கொள்கிறது.

எல்லாரும் அப்படிக் காதுகொடுத்துக் கேட்கவில்லை. யார்க்‌ஷயரில் வாரம் பெர்சி என்ற கைவிடப்பட்ட கிராமத்தில் கிடைத்த 137 எலும்புகளைப் பற்றிய ஆய்வு 2017இல் வெளியானது. குறைந்தது 10 பேருடைய எலும்புகள். இறந்த பிறகு வெட்டியிருக்கிறார்கள், முறித்திருக்கிறார்கள், எரித்திருக்கிறார்கள். எழுந்து வந்துவிடக் கூடாதென்று அப்படிச் செய்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதைப் படித்த அன்று நான் விளக்கை அணைக்கவில்லை. பயத்தால் அல்ல. அந்தப் பத்துப் பேரின் பெயர்கூட மிஞ்சவில்லையே என்றிருந்தது. அவர்களுக்கு என்ன குறை என்று யாராவது கேட்டிருப்பார்களா?

அந்தக் கேள்வி என் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது. எங்கள் பெரிய அத்தையை ‘ராங்கிக்காரி’ என்ற ஒரே சொல்லில் முடித்துவைத்திருந்தோம். எந்த விசேஷத்துக்கும் வராமலே போய்ச் சேர்ந்தாள். ஒரு மத்தியானம் அம்மாவிடம் கேட்டேன்: “அத்தைக்கு என்னதாம்மா கோபம்?”

அம்மா முருங்கைக்கீரையை ஆய்ந்து முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு சொன்னாள். அப்பா காலேஜில் சேர அத்தை தன் நாலு வளையலையும் கழற்றிக் கொடுத்தாளாம். அவை அடகிலேயே மூழ்கிப்போயின. திருப்பித் தர வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவள் கொடுத்ததாக யாரும் சொல்லவும் இல்லை. வாயைத் திறந்து கேட்ட அன்றைக்கு அவள் ராங்கிக்காரி ஆகிவிட்டாள்.

ஒரு சொல்லை வைத்து ஒரு மனுஷியை எரித்துவிடலாம். நாங்கள் செய்தது அதுதான். இறந்தவர்களை மறக்கவும் வேண்டாம், அவர்களுக்கு அஞ்சி ஒதுங்கவும் வேண்டாம். அவர்கள் சொல்ல வந்ததைக் கேட்டுக்கொள்ள முடியும் என்று எனக்குக் கற்றுத்தந்தவை அந்தத் தொடரும் அந்தப் புத்தகங்களும்தான். தங்கையிடம் இதைச் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

போன தை மாதம் அத்தையின் பேத்திக்குக் கல்யாணம். நானும் தங்கையும் ஆளுக்கு ஒரு வளையல் வாங்கிப் போனோம். எங்களால் முடிந்தது இரண்டுதான். சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது, அப்பா படித்தது யாருடைய வளையலில் என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் கையில் போட்டோம்.

“இது உன் பாட்டியோடது” என்றாள் தங்கை.