சிதைந்த ஏடும் பதிப்பாசிரியர் கடனும்

உயிரோடு இருப்பவரின் சொல்லை நாம் மாற்றியுரைத்தால் அவர் எழுந்து மறுப்பார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்த புலவனின் சொல்லை மாற்றினால் மறுப்பதற்கு எவருமில்லர். ஆதலின் பழைய நூலொன்றைப் பதிப்பிக்க முற்படுவோர் ஏற்பது கல்விப் பொறுப்பு மட்டுமன்று; அறப்பொறுப்புமாகும். ஏடு சிதைந்து சொல் அழிந்துபோன இடத்தைப் பதிப்பாசிரியர் நிரப்பலாமா? நிரப்பினால் அது தொண்டா, பொய்யா? இவ்வினாவை ஆராய்வதற்கு ஆங்கிலோ-சாக்சன் இலக்கிய ஆராய்ச்சியின் வரலாறு மிகத் தக்க களமாகும்.

ஐந்தாம் நூற்றாண்டு முதல் 1066இல் நார்மானியர் வெற்றி கொண்டது வரை இங்கிலாந்தில் நிலவிய பண்பாட்டையே ஆங்கிலோ-சாக்சன் என்று அறிஞர் வழங்கி வந்துள்ளனர். அக்காலத்துப் பழைய ஆங்கிலச் செய்யுளில் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 30,000 அடிகளே. அவற்றுள் பெரும்பகுதி நான்கு தோலேட்டுச் சுவடிகளுக்குள் அடங்கிவிடுகிறது. பெரும்பாலான பாடல்களுக்கு ஒரே ஒரு படிதான் உண்டு. ஒப்புநோக்க வேறு படி இல்லாமையால், அதில் ஓர் எழுத்து உதிர்ந்தால் உலகத்திலிருந்தே அவ்வெழுத்து உதிர்ந்ததாகும். 3,182 அடிகள் கொண்ட பியோவுல்ஃப் என்னும் வீரகாவியத்தின் நிலையும் இதுவே. 1000ஆம் ஆண்டை ஒட்டி இரண்டு எழுத்தர்கள் எழுதிய ஒரே சுவடியின் வழியாகத்தான் அது நம்மை வந்தடைந்துள்ளது.

அச்சுவடி சர் ராபர்ட் காட்டன் என்பார் திரட்டிய நூலகத்தில் இருந்தது. 1731 அக்டோபர் 23ஆம் நாள், வெஸ்ட்மின்ஸ்டரில் அந்நூலகம் வைக்கப்பட்டிருந்த ஆஷ்பர்ன்ஹாம் மாளிகையில் தீப்பற்றியது. பல சுவடிகள் சாம்பலாயின. பியோவுல்ஃப் தப்பியது, ஆயினும் ஏடுகளின் ஓரம் கருகிற்று. கருகிய ஓரம் கை பட்ட போதெல்லாம் பொடிந்து, ஆண்டுதோறும் எழுத்துகளைத் தன்னோடு கொண்டு போயிற்று.

ஐஸ்லாந்தில் பிறந்து டென்மார்க்கு அரசின் பணியில் இருந்த தோர்க்கெலின் என்னும் அறிஞர் 1780களில் லண்டன் வந்து இந்நூலுக்கு இரண்டு நகல்களை உண்டாக்கினார். ஒன்று கூலிக்கு அமர்த்திய நகலெழுத்தர் எழுதியது. மற்றொன்று அவரே எழுதியது. பின்னர் உதிர்ந்துபோன பல நூறு எழுத்துகளுக்கு இவ்விரண்டு நகல்களே இன்று சான்று. இங்கே நாம் ஆழ்ந்து எண்ண வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கூலிக்கு எழுதியவர் பழைய எழுத்து முறையில் தேர்ச்சியற்றவர். பொருள் விளங்காமையால், கண்ணுக்குத் தெரிந்த வடிவத்தை அப்படியே வரைந்து வைத்தார். தோர்க்கெலினோ கற்றவர். கற்றவர் ஆதலின், ஏட்டில் இருந்ததை விடுத்து, இருந்திருக்க வேண்டும் எனத் தாம் கருதியதைச் சிற்சில இடங்களில் எழுதிவிட்டார். அறியாதவரின் பிழைகளை எளிதில் கண்டுகொள்ளலாம். அறிந்தவரின் திருத்தம் உண்மையின் உடையணிந்து வருவதால் அதனைக் கண்டறிதல் அரிது. கல்வி பெருகப் பெருக அடக்கமும் பெருக வேண்டும் என்று முன்னோர் வற்புறுத்தியதன் பொருள் இங்கே நன்கு புலனாகிறது.

அங்ஙனமாயின் அழிந்த இடங்களையெல்லாம் அழிந்தவாறே விட்டுவிடுவதுதான் அறமோ? அவ்வாறு சொல்லிவிடவும் இயலாது. பழைய ஆங்கிலச் செய்யுளுக்கு உயிர்நாடி மோனை. ஓரடியின் இரு பாதிகளையும் முதலொலியின் ஒற்றுமையே பிணைக்கிறது. எனவே ஒரு பாதி நின்று மறுபாதி சிதைந்தாலும், சிதைந்த சொல் எவ்வொலியில் தொடங்கியிருக்கும் என்பதைப் பெரும்பாலும் கணித்துவிடலாம். ஒலியமைதியும் பொருளும் இணைந்து சுட்டும்போது, அச்சொல்லை மீட்டுத் தருவது பேருதவியே. ஓட்டைகள் நிறைந்த பாடலைப் படிப்பவன் பாதியில் நூலை மூடிவிடுவான். படிப்பாரற்ற நூல் மற்றொரு முறை இறக்கிறது. புலமையிருந்தும் வாளாவிருத்தல் ஒருவகைக் கருமித்தனமே.

இருபாலும் நியாயம் இருப்பதைக் காவியத்தின் இறுதி ஏடே காட்டும். பியோவுல்ஃப் இறந்து, அவன் உடலுக்கு எரியூட்டும் இடத்தில் ஒரு பெண் புலம்புகிறாள். வரப்போகும் கேடுகளை எண்ணி அஞ்சுகிறாள். அவள் யார்? அவளைக் குறிக்கும் தொடர் நிற்கும் இடம் மிகவும் சிதைந்துள்ளது. கீட்டு நாட்டுப் பெண் என்று சிலர் படித்தனர். முதியவள் என்று சிலர் படித்தனர். வீரனின் கைம்பெண் என்றும் சிலர் கருதினர். சில எழுத்துகளை எவ்வாறு கொள்கிறோமோ, அதற்கேற்ப ஒரு நாடே அழுகிறது, அல்லது ஒரு முதுமகள் அழுகிறாள், அல்லது ஒரு மனைவி அழுகிறாள். இவற்றுள் ஒன்றைத் துணிந்து அடையாளமின்றி அச்சிட்டால், படிப்பவன் அதனையே புலவன் வாக்கென்று நம்புவான். வேற்றொரு பெண்ணின் கண்ணீரை நாம் அழித்தவர்களாவோம்.

வெற்றிடத்தை நிரப்பத் தூண்டுவது எப்போதும் புலமை மட்டுமன்று. பற்றும் தூண்டும், புகழாசையும் தூண்டும். பியோவுல்ஃப் சுவடியில் நூற்பெயர் இல்லை. 1815இல் முதன்முதலாக அதனை முழுமையாக அச்சிட்ட தோர்க்கெலின், அந்த வெற்றிடத்தில் டேனியக் காவியம் என்னும் உரிமையைப் பொறித்தார். 1839இல் ஹைன்ரிஹ் லேயோ என்னும் ஜெர்மானியர் அதனையே மிகப் பழைய ஜெர்மானிய வீரகாவியம் என்றார். பாடிய புலவன் இரண்டையும் சொல்லவில்லை. புகழாசைக்குச் சான்று பிரிட்டனின் இன்னும் பழைய வரலாற்றில் உண்டு. கோபன்ஹேகனில் வாழ்ந்த சார்லஸ் பெர்ட்ரம் என்னும் ஆங்கிலேயர், உரோமர் காலப் பிரிட்டனைப் பற்றித் துறவி ஒருவர் எழுதிய பழஞ்சுவடி தம்மிடம் இருப்பதாக அறிவித்து 1757இல் வெளியிட்டார். அறிஞருலகம் ஒரு நூற்றாண்டுக் காலம் அதை நம்பியது. வரைபடங்களிலும் வரலாறுகளிலும் அது புகுந்தது. அது முற்றிலும் புனைவு என்பது 1860களில்தான் நிலைநாட்டப்பட்டது. அறியாமை என்னும் வெற்றிடத்தைப் பொய் எத்துணை இனிதாக நிரப்புகிறது!

இவ்விரு எல்லைகளுக்கும் இடையே வழி என்ன? அலுவலகக் கோப்புகளோடு வாழ்நாளைக் கழிக்கும் நம்மனோர்க்கு அது நன்கு தெரிந்த வழியே. கோப்பில் ஒரு சொல்லை அடித்துத் திருத்தலாம். ஆனால் திருத்தியவர் அவ்விடத்தில் சுருக்கொப்பம் இடவேண்டும். ஒப்பமில்லாத் திருத்தம் மோசடி. ஒப்பமுள்ள திருத்தம் பொறுப்பு. நல்ல பதிப்பாசிரியர் தாம் சேர்த்த எழுத்தைப் பகர அடைப்புக்குள் இடுவதும், அடிக்குறிப்பில் பிறர் பாடங்களைக் காட்டுவதும் அந்தச் சுருக்கொப்பமே அன்றி வேறில்லை.

கற்பனைக்கும் இவ்வறத்தில் இடமுண்டு. 991இல் எசெக்ஸ் பகுதியில் வைக்கிங்குகளோடு நிகழ்ந்த மால்டன் போரைப் பாடும் செய்யுளுக்கு முதலும் இல்லை, முடிவும் இல்லை. அதன் சுவடி 1731ஆம் ஆண்டுத் தீயில் அழிந்தது. 1726இல் அச்சாகியிருந்தமையால் நடுப்பகுதி பிழைத்தது. ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர் டோல்கீன், போர்க்களத்தின் இருளில் தலைவனின் உடலை இருவர் தேடுவதாக ஒரு நாடகச் செய்யுள் இயற்றி 1953இல் வெளியிட்டார். பழைய நடை முழுதும் கைவந்த அவர், அதைக் காணாமற்போன பகுதி என்று நீட்டவில்லை. தம் பெயரிலேயே வெளியிட்டார். நிரப்பும் ஆற்றலும் நிரப்பாத நேர்மையும் ஒருவரிடத்தே சேர்ந்திருந்தன.

தமிழருக்கு இது அயலான நெறியன்று. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைத்தில. அதனை 1894இல் அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் செய்யுள் இயற்ற வல்லவர். எனினும் அந்த எண்கள் இன்றும் வெறுமையாகவே நிற்கின்றன. அவ்வெறுமையே எஞ்சிய பாடல்களின் மெய்ம்மைக்குப் பிணையாகிறது.

வெற்றிடத்தை விட்டுவைப்பதில் வருங்காலத்தார்மீது கொண்ட நம்பிக்கையும் அடங்கியிருக்கிறது. 1845இல் பியோவுல்ஃப் ஏடுகள் மேலும் பொடியாமல் இருக்கத் தாள் சட்டங்களில் பொருத்தப்பட்டன. அச்சட்டங்களின் விளிம்பு சில எழுத்துகளை மறைத்துவிட்டது. 1990களில் கெவின் கீர்னன் முதலானோர் ஒளியிழை விளக்கும் புற ஊதாக் கதிரும் கொண்டு, மறைந்தும் மங்கியும் இருந்த எழுத்துகள் பலவற்றைப் படம் பிடித்தனர். முன்னோர் எங்கே ஐயம் உண்டு என்று நேர்மையாகக் குறித்துச் சென்றமையால்தான், பின்வந்தோர் எங்கே விளக்கைப் பிடிக்க வேண்டும் என்று அறிந்தனர். ஐயத்தை மறைத்துச் சென்றிருந்தால் விளக்கேற்ற எவர்க்கும் தோன்றியிராது.

எனவே பதிப்பாசிரியர் கடன் இரண்டு. இறந்த புலவனுக்கு அவன் சொல்லாததை ஏற்றாதிருத்தல் ஒன்று. பிறக்கப்போகும் படிப்பாளிக்குத் தாம் அறியாததை மறைக்காதிருத்தல் மற்றொன்று. இவ்விருவரும் பதிப்பாசிரியர் முன் நின்று கேட்க இயலாதவர்கள். கேட்க இயலாதவர்க்குச் செய்யும் நேர்மையே அறத்தின் உரைகல் என்பது நம் துணிபு.