வரையாத முகம்

"உருவம் வரையலாமா சேர்?" சித்திர பாடம் படிப்பிக்கும் முஸ்லிம் ஆசிரியன் என்பதால் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உள்ள விடயம். தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. என் மனதில் கிடப்பது வேறொரு கேள்வி. வாழ்நாளெல்லாம் வரைந்த ஒருவர் திரும்பிப் பார்க்கையில் எதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும்? வரைந்ததற்கா, வரையாமல் விட்டதற்கா?

ஸையித் ஹைதர் ரஸாவை நினைக்கிறேன். 1922இல் மத்தியப் பிரதேசத்தின் மண்டலா மாவட்டத்தில், காட்டிலாகா ஊழியர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். வகுப்பில் மனம் நில்லாத பிள்ளை. நந்தலால் ஜாரியா என்ற ஆசிரியர் பாடசாலைச் சுவரில் ஒரு புள்ளியை வரைந்து, அதையே பார்த்துக்கொண்டிருக்கும்படி அவரை உட்கார வைத்தார். 1950இல் பாரிஸுக்குப் போன ரஸா, நிலக்காட்சிகளாக வரைந்து பெயர் பெற்றார். ஐம்பது வயதைத் தாண்டிய பின்னர்தான் அந்தப் புள்ளி அவருடைய திரைச்சீலைக்கு வந்தது, பிறகு போகவேயில்லை. முதுமையில் தன் வாழ்வைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்த ஆசிரியரைச் சொன்னார். 2010இன் இறுதியில் நாடு திரும்பி, 2016இல் மறைந்து, மண்டலாவில் தன் தந்தையின் கப்ருக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் உருவத்தை விட்டுப் புள்ளியைப் பிடித்தது மார்க்கப் பேணுதலால்தான் என்று நம் நண்பர் ஒருவர் ஒருமுறை பெருமையோடு சொன்னார். நான் மறுத்தேன். 'பிந்து' என்ற பெயரையும் கருத்தையும் ரஸா இந்தியத் தத்துவ மரபிலிருந்து எடுத்துக்கொண்டார். அதை மறைக்கவும் இல்லை. செய்ததற்கு இல்லாத காரணத்தை மார்க்கத்தின் பெயரால் ஒட்டிவிடுவது எளிது. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

2014 ஒக்டோபர் 29. எங்கள் ஹல்துமுல்லைப் பிரதேசத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் காலையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகள் பலர். கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் பாடசாலைகள் முகாம்களாயின. அங்கே உதவிக்குப் போய் வந்த நாட்களில் ஒரு பையன் என்னிடம் வந்தான். முன்பு என்னிடம் படித்தவன்.

"சேர், அம்மாவோட போட்டோ ஒன்னும் இல்ல. எல்லாம் மண்ணுக்குள்ள போயிருச்சு. நீங்க பாத்திருக்கீங்கதானே, வரைஞ்சு தாங்க."

பார்த்திருக்கிறேன். கொழுந்து நிறுத்துவிட்டு வரும் வழியில் எத்தனையோ நாள் என்னோடு பேசியவள் அவள். "அடிச்சாவது படிக்க வைங்க சேர்" என்பாள். குரல் இப்போதும் காதில் இருக்கிறது. பென்சிலை எடுத்தேன். கூடை வந்தது. தலையில் மாட்டிய கயிறு, இடுப்பில் கட்டிய படங்கு, எல்லாம் வந்தன. முகம் வரவில்லை. எந்தத் தோட்டத்தில் எந்தப் பெண்ணை வரைந்தாலும் அந்தப் படம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

"முகம், சேர்?"

"எங்க மார்க்கத்துல முகம் வரையக் கூடாது தம்பி" என்றேன்.

ஆசிரியர் கலாசாலையில் சக மாணவர்களின் முகங்களை வரைந்து தேநீர்க் காசு சேர்த்தவன் நான். பாடசாலைச் சுவரில் பாரதியைத் தீட்டியவன். பேணுதலால் வரையாமல் இருப்பவரை நான் மதிக்கிறேன்; அவர் ஒன்றை இழந்துதான் அதைச் செய்கிறார். நான் எதையும் இழக்கவில்லை. அவளை நான் சரியாகப் பார்த்ததேயில்லை என்பதை மறைக்க மார்க்கத்தை இழுத்தேன். அந்த ஆசிரியர் புள்ளி வைக்குமுன் கவனம் சிதறிய ஒரு பிள்ளையைப் பார்த்திருக்கிறார். நான் நன்றாக வரையத் தெரிந்தவன், அவ்வளவுதான்.

பையன் ஒன்றும் சொல்லவில்லை. முகமில்லாத தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

இப்போது கொழும்பில் வேலை செய்கிறான். சென்ற தீபாவளிக்கு வந்தவன் பலகாரப் பொதியோடு என் வீட்டுப் படியேறினான். படத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. தேநீர் குடிக்கும்போது அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், தாயின் சாயல் இருக்கிறதா என்று. ஒப்பிட என்னிடம் எதுவும் இல்லை.