கள்ளக் கையெழுத்தும் களவுபோன இரகசிய எண்ணும்



நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கல்லாவில் கிடக்கும் காசும் நாணயம். கொடுத்த வாக்குத் தவறாத குணமும் நாணயம். பின்னது இல்லாத இடத்தில் முன்னது நெடுநாள் தங்காது என்பதை நம்மவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இப்போது காசு கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிறது. கைப்பேசியில் விரல் வைத்த மாத்திரத்தில் பணம் இங்கிருந்து அங்கே போய்ச் சேருகிறது. அதே வேகத்தில் திருடன் கைக்கும் போய்ச் சேருகிறது. இந்நிலையில் எழும் கேள்வி வெறும் கணக்குக் கேள்வியன்று, நீதிக் கேள்வி. ஒருவர் நம்பி ஒப்படைத்த பணத்தை மூன்றாம் ஆள் ஒருவன் ஏமாற்றி எடுத்துச் சென்றால், அந்த நட்டத்தை ஏற்க வேண்டியவர் கொடுத்து வைத்தவரா, வாங்கி வைத்தவரா?

பழைய விதி

அமானத்து வேறு, கடன் வேறு என்பது நம் முன்னோர் நன்கறிந்த பாகுபாடு. பூட்டிய பெட்டியொன்றைக் கொடுத்து, "ஊர் போய் வருமளவும் வைத்திருங்கள்" என்று ஒருவர் சொன்னால் அஃது அமானத்து. உங்கள் கவனக்குறைவு இன்றி அது களவு போனால் நீங்கள் ஈடு கட்ட வேண்டியதில்லை. ஆனால் அவர் சம்மதத்துடன் அப்பணத்தை உங்கள் வியாபாரத்தில் போட்டுப் புழங்கினால் அது கடனாகிவிடுகிறது. கடை எரிந்தாலும் கப்பல் கவிழ்ந்தாலும் கடன் கடனே. இலாபத்தை எடுத்துக்கொள்பவர் பொறுப்பையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே இதன் உட்கருத்து.

ஆங்கிலச் சட்டமும் இதே முடிவுக்கு வந்தது. 1848ஆம் ஆண்டில் ஃபோலி எதிர் ஹில் என்ற வழக்கில், வங்கியில் செலுத்திய பணம் வங்கியின் பணமாகிவிடுகிறது, வங்கி வாடிக்கையாளருக்குக் கடன்பட்டு நிற்கிறது என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஆதலால் கள்ளக் கையெழுத்திட்ட செக்குக்கு வங்கி பணம் கொடுத்துவிட்டால், களவு போனது வங்கியின் பணமே. வாடிக்கையாளருக்குத் தர வேண்டிய கடன் அப்படியே நிற்கும்.

அப்படியாயின் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. இலண்டனில் ஒரு நிறுவனத்தின் குமாஸ்தா, 2 பவுனுக்கு எழுதிய செக்கில் இடம் விட்டு முதலாளியிடம் கையெழுத்து வாங்கி, பிறகு அதை 120 பவுனாக மாற்றிப் பணம் எடுத்தான். 1918இல் தீர்ப்பான அவ்வழக்கில், இடம் விட்ட செக்கில் கையெழுத்திட்டவர் தலையிலேயே நட்டம் விழுந்தது. ஆனால் ஹாங்காங்கிலிருந்து பிரிவி கவுன்சிலுக்குச் சென்ற தாய் ஹிங் வழக்கு வேறு விதமாக முடிந்தது. அங்கே கணக்குக் குமாஸ்தா ஏறத்தாழ 300 செக்குகளில் போலிக் கையெழுத்திட்டுப் பல ஆண்டுகள் பணம் எடுத்து வந்தான். முதலாளி மாதக் கணக்கைச் சரிபார்க்கவில்லை என்று வங்கிகள் வாதாடின. அவ்வாதம் எடுபடவில்லை. 1985இல் நட்டம் வங்கிகள் மீதே சுமத்தப்பட்டது.

பழைய விதி இதுதான்: வாடிக்கையாளர் தம் கையால் திருடனுக்கு வழி திறந்துவிட்டால் நட்டம் அவருடையது, மற்றபடி ஆளை அறிந்து பணம் கொடுக்க வேண்டியது வங்கியின் கடமை.

கதவு திறந்தது

சிங்கப்பூரில் எளிய மக்களின் சேமிப்புக்காக 1877இல் தோன்றிய தபாலகச் சேமிப்பு வங்கி, 1998இல் டிபிஎஸ் வங்கியின் கைக்குச் சென்றது. மறு ஆண்டு வங்கித் துறையின் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்த்தப்பட்டன. உள்நாட்டு வங்கிகளில் அந்நியர் பங்கு 40 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு நீங்கிற்று. வெளிநாட்டு வங்கிகள் சிலவற்றுக்கு அதிகக் கிளைகள் வைக்கும் உரிமை கிடைத்தது. போட்டிக்கு ஈடுகொடுக்க உள்நாட்டு வங்கிகள் ஒன்றோடொன்று இணைந்தன. 2001ஆம் ஆண்டின் இணைப்புகளுக்குப் பின் மூன்று பெரிய குழுமங்களே எஞ்சின. 2014இல் நொடிகளில் பணம் மாற்றும் ஃபாஸ்ட் முறையும், 2017இல் கைப்பேசி எண்ணுக்கே பணம் அனுப்பும் பேநவ் முறையும் வந்தன. 2020 டிசம்பரில் மின்னிலக்க வங்கிகளுக்கென நான்கு உரிமங்கள் அறிவிக்கப்பட்டன. 2023 பிப்ரவரியில் பேநவ் இந்தியாவின் யுபிஐயோடு இணைக்கப்பட்டது.

இவற்றால் விளைந்த நன்மையை மறைப்பது நன்றி மறப்பதாகும். சிறு கடைக்காரர் செக் மாறுமா மாறாதா என்று நாட்கணக்கில் காத்திருந்த நிலை மாறிற்று. ஊரில் தாயார் மருந்து வாங்கப் பணம் வேண்டுமென்றால் நிமிடத்தில் அனுப்ப முடிகிறது. நாணய மாற்றும் பணம் அனுப்பும் தொழிலும் செய்யும் நம்மவர்க்கு இஃது இலாபக் குறைவாக இருக்கலாம். ஆயினும் கூலிக்காரர் பையில் நாலு காசு மிஞ்சுவதை நாம் குறைகூறுதல் முறையன்று.

ஆனால் போட்டி எதில் நடந்தது என்று கவனியுங்கள். வேகத்தில் நடந்தது. வரிசையில் நிற்பதும், படிவம் எழுதுவதும், குமாஸ்தா கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதும், "இவ்வளவு பணம் எதற்கம்மா?" என்று கேட்பதும் தாமதம் என்று கழிக்கப்பட்டன. கழிக்கப்பட்ட தாமதத்துக்குள்ளே காவலும் இருந்தது.

சுமை இடம் மாறியது

கையெழுத்து இருந்த இடத்தில் இப்போது இரகசிய எண் இருக்கிறது. கையெழுத்து ஒருவர் கையோடு பிறந்தது. எண்ணோ யார் வாயில் வந்தாலும் ஒரே எண்தான். எண் சரியென்றால் ஆளும் சரி என்று இயந்திரம் முடிவு கட்டுகிறது. கள்ளக் கையெழுத்தை வாடிக்கையாளரின் கட்டளையாக மதியாத சட்டம் ஒருபுறம் இருக்க, களவுபோன எண்ணை அவருடைய கட்டளையாகவே மதிக்கும் நிபந்தனைகள் மறுபுறம் வந்து சேர்ந்தன. ஏமாந்தவர், தம் மீது தவறில்லை என்று மன்றாட வேண்டிய நிலை பிறந்தது. தெருவில் முரசறைந்து ஒரு சட்டத்தை மாற்றியிருந்தால் மக்கள் கேட்டிருப்பார்கள். செயலியில் "சம்மதம்" என்று தொட்டபோது மாறியதை எவர் கவனித்தார்?

2021 டிசம்பர் மாதத்தில் நடந்தது எல்லோரும் அறிந்ததே. ஓ.சி.பி.சி. வங்கியின் பெயரால் போலிக் குறுஞ்செய்திகள் வந்தன. வங்கியின் உண்மைச் செய்திகள் வரும் அதே வரிசையில் அவையும் வந்து நின்றன. 790 வாடிக்கையாளர்கள் 1 கோடியே 37 இலட்சம் வெள்ளியை இழந்தனர். முடிவில் வங்கி முழுத் தொகையையும் திருப்பித் தந்தது. அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் அது நல்லெண்ணத்தின் பேரில் தரப்பட்டது. பழைய நாளில் கள்ளச் செக்குக்குப் பணம் திரும்பி வந்தது உரிமை. இப்போது வந்தது கருணை. உரிமை கருணையாவதுதான் எளியவர்க்கு நேரும் பெரும் நட்டம்.

அதன்பின் 2022 ஜனவரியில் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் புதுக் காவல்களை அறிவித்தன. வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் இணைப்புகள் இருத்தலாகாது; புதிய மின்னிலக்கச் சாவி இயங்கக் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். கழித்த தாமதத்தையே மீண்டும் விலைகொடுத்து வாங்கினோம் அன்றோ!

2024 டிசம்பர் 16 முதல் பொறுப்புப் பகிர்வு முறை நடைமுறைக்கு வந்தது. போலி இணையத்தளத்தால் ஏமாற்றப்பட்டுப் பணம் போனால், முதலில் வங்கி தன் கடமையைச் செய்ததா என்று பார்க்கப்படும். செய்யவில்லையெனில் வங்கி தாங்கும். அடுத்துத் தொலைத்தொடர்பு நிறுவனம் பார்க்கப்படும். இருவரும் கடமையைச் செய்திருந்தால் நட்டம் வாடிக்கையாளருடையது. வரிசை நல்ல வரிசைதான். ஆனால் ஏமாந்து தாமே பணம் அனுப்பியவர்க்கு இதில் இடமில்லை. 2024இல் சிங்கப்பூரில் மோசடிகளால் போன பணம் 110 கோடி வெள்ளிக்குக் குறையாது. வழக்குகளில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டவை அவ்வாறு தாமே அனுப்பியவை. பிரிட்டனிலோ 2024 அக்டோபர் 7 முதல், ஏமாந்து அனுப்பியவர்க்கும் 85,000 பவுன் வரை திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் சரிபாதி ஏற்க வேண்டும்.

மறுப்பும் விடையும்

"எல்லாவற்றையும் வங்கியே தந்தால் மக்கள் கவனமின்றிப் போவார்கள். பேராசையால் போன பணத்துக்கும் மற்றவர்கள் ஈடு கட்டுவதா?" என்று கேட்பாருமுளர். நியாயமான கேள்வி. ஒரு மாதத்தில் இருமடங்கு என்ற ஆசையில் எச்சரித்தும் கேளாது அனுப்பியவர், இடம் விட்ட செக்கில் கையெழுத்திட்டவருக்கு ஒப்பானவர். அவர் நட்டத்தை முழுவதும் பிறர் மேல் ஏற்றுதல் தகாது.

ஆனால் போலீஸ் அதிகாரி என்று ஒருவன் மிரட்ட நடுங்கி, ஆயுட்காலச் சேமிப்பை அனுப்பிய எழுபது வயது மூதாட்டியை அந்தக் கணக்கில் சேர்க்கலாமா? பூட்டை மாற்றும் வல்லமை யாரிடம் இருக்கிறது? நள்ளிரவில் முன்பின் அறியாத கணக்குக்கு முழுத் தொகையும் போவதை யார் கண்டு நிறுத்த முடியும்? அந்த மூதாட்டியாலா, வங்கியாலா? நிறுத்தும் ஆற்றல் உள்ளவரிடம் நட்டத்தையும் வைத்தால் நிறுத்தும் வழி தானே பிறக்கும். ஆற்றலற்றவரிடம் வைத்தால் கண்ணீர் மட்டுமே பிறக்கும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். வங்கியே கவிழ்ந்தால் ஒரு வாடிக்கையாளருக்கு 1,00,000 வெள்ளி வரை வைப்புத்தொகைக் காப்புறுதி உண்டு. 2024 ஏப்ரலில் 75,000இலிருந்து உயர்த்தப்பட்டது. அரிதாக நேரும் ஆபத்துக்கு அத்தனை ஏற்பாடு செய்த நாம், தினந்தோறும் நேரும் ஆபத்துக்கு ஏமாந்தவரையே நோவது சரியாகுமா?

நம் கடமை

வங்கிக்கு மட்டும் நீதி சொல்லிவிட்டு நாம் ஒதுங்கலாகாது. நாமும் பிறர் பணத்தைப் புழங்குபவர்கள். முன்கூட்டியே எழுத்தில் அறிவித்தால் கடைக்காரர் ரொக்கத்தை மறுக்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. சட்டம் இடம் தந்ததால் அறமும் இடம் தந்ததாகாது. கைப்பேசி பழகாத முதியவர் இரண்டு வெள்ளியை நீட்டும்போது வாங்கிக்கொள்ளுங்கள். கல்லா மேசையில் ஒட்டிய கியூஆர் கட்டத்தின் மேல் வேறெவரும் ஒட்டிவிடவில்லையே என்று காலைதோறும் பாருங்கள். சரக்கு அனுப்புபவர் வங்கிக் கணக்கை மாற்றியதாகக் கடிதம் வந்தால், பழைய எண்ணில் கூப்பிட்டுக் குரல் கேட்ட பின்பே பணம் அனுப்புங்கள். பணம் அனுப்பும் தொழில் செய்வோர், தடுமாறி வரும் முதியவரிடம் "யாருக்கு, எதற்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு கமிஷன் போகலாம். ஒரு குடும்பம் பிழைக்கும். உங்கள் பையன்களுக்கும் சமையற்காரருக்கும் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணைச் சொல்லி வையுங்கள்.

ஏமாந்து வந்து நிற்பவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். வெட்கத்தால் வாய் மூடியவரின் மௌனமே திருடனுக்கு அடுத்த வீட்டின் திறவுகோல். புதிய கருவியை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். கருவியால் இலாபம் பெறுகிறவர் அதன் ஆபத்தையும் முதலில் தாங்க வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதன்று. கொடுக்கல் வாங்கலில் என்றும் இருந்த நியாயத்தைக் கேட்பதே ஆகும்.