விரத நாளும் விரத மனமும்

சைவ மக்களின் வாழ்வில் விரதங்களுக்குத் தனியான இடம் உண்டு. மாசி மாதத்து அபரபக்கச் சதுர்த்தசியில் மகா சிவராத்திரி, ஐப்பசி மாதத்துப் பூர்வபக்கப் பிரதமை முதல் ஆறு நாட்கள் கந்தசஷ்டி, ஐப்பசி அமாவாசையில் நிறைவுறும் 21 நாள் கேதார கௌரி விரதம், தாயை இழந்தோருக்குச் சித்திரா பௌர்ணமி, தந்தையை இழந்தோருக்கு ஆடி அமாவாசை என ஆண்டு முழுவதும் விரத நாட்கள் வந்துகொண்டேயிருக்கின்றன. தமிழ் மாதங்கள் சூரியனைக் கொண்டு கணிக்கப்படுகின்றன. ஆயினும் இவ்விரதங்களின் நாளைக் குறித்துத் தருவது சந்திரனே.

கண்டக்குழி போன்ற கரையூர் மக்களுக்குச் சந்திரனைப் பற்றி எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கடல் பெருகுவதையும், நிலவு காயும் இரவுகளில் வலையில் மீன் படுவது குறைவதையும் கடற்றொழிலாளர் அனுபவத்தில் அறிவர். அது மட்டுமன்றி, கற்பிட்டிக் குடாநாட்டில் ஒரே நிலவே பல சமயத்தவரின் நோன்புகளையும் வழிநடத்துகின்றது. இஸ்லாமியர் பிறை கண்டு நோன்பு பிடிக்கின்றனர். பௌத்தர் பௌர்ணமிப் போயா தினத்தில் சில் அனுட்டிக்கின்றனர். கத்தோலிக்கரின் தவக்காலம் உயிர்த்த ஞாயிறை நோக்கியது. அந்த ஞாயிறும் வசந்தகாலப் பௌர்ணமியை ஒட்டியே கணிக்கப்படுகின்றது. 1966 முதல் 1971 வரை இலங்கை முழுவதும் ஞாயிறுக்குப் பதிலாகப் போயா தினங்களே வார விடுமுறையாக இருந்தன என்பதும் இங்கு நினைவுகூரத் தக்கது.

இவ்வாறு வானில் தெளிவாகத் தெரியும் நிலவைக் கொண்டு குறிக்கப்படும் விரத நாளிலும் சில வேளைகளில் குழப்பம் ஏற்படுவதுண்டு. யாழ்ப்பாணத்தில் கணிக்கப்படும் கொக்குவில் வாக்கிய பஞ்சாங்கமும் மட்டுவில் திருக்கணித பஞ்சாங்கமும் இலங்கைச் சைவர்களிடையே வழக்கில் உள்ளன. இவையிரண்டும் ஒரு விரதத்துக்கு வெவ்வேறு நாட்களைக் காட்டும் ஆண்டுகளில் ஊர்களில் மனக்கலக்கம் எழுகின்றது. தாயை இழந்த ஒரு பெண் சித்திரா பௌர்ணமி விரதமிருந்து, கோயிலில் கஞ்சி வார்த்து, தாயை நினைந்து வழிபடுகின்றாள். மறுநாள் அயலவர் ஒருவர் வேறொரு பஞ்சாங்கத்தைக் காட்டி, விரதம் அனுட்டிக்க வேண்டிய நாள் இன்றல்லவா என்று சொல்லிவிடுகின்றார். அந்தச் சொல் அவளைச் சுடுகின்றது. தாய்க்குச் செய்தது சேராமற் போய்விட்டதோ என்று அவள் ஏங்குகின்றாள். நாள் தவறினால் விரதம் வீணாகுமா என்பதே அவள் கேள்வி.

நாட்கள் ஏன் வேறுபடுகின்றன என்பதை முதலில் அறிதல் நன்று. சூரியனிலிருந்து சந்திரன் 12 பாகை விலகிச் செல்லும் காலமே ஒரு திதி. சந்திரனின் வேகம் சீரானதன்று. ஆகையால் ஒரு திதி சில வேளை 20 மணித்தியாலமளவிலும், சில வேளை 26 மணித்தியாலத்துக்கு மேலும் நீடிக்கும். வாக்கிய முறையில் வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்களை மனனஞ் செய்து, கருவிகள் ஏதுமின்றி நாள் கணித்தனர் முன்னோர். அஃது ஒரு பேரறிவு. திருக்கணிதமோ பிற்கால அவதானிப்புக்களைச் சேர்த்துத் திருத்தப்பட்ட கணிதம். இவ்விரண்டுக்கும் இடையே சில மணித்தியால வேறுபாடு வரும்போது, திதி முடியும் நேரம் சூரிய உதயத்துக்கு முன்னா பின்னா என்பதில் ஒரு முழு நாளே மாறிவிடுகின்றது.

பஞ்சாங்கம் ஒன்றாயிருந்தாலும் நாள் வேறுபடுவதுண்டு. தசமி கலந்த ஏகாதசியை வைணவர் தவிர்த்து மறுநாள் விரதமிருக்க, ஸ்மார்த்தர் முதல்நாளே இருந்துவிடுகின்றனர். லண்டனிலும் டொரன்டோவிலும் வாழும் உறவினருக்குச் சூரிய உதயம் வேறு நேரத்தில் நிகழ்வதால், அவர்களது விரத நாளும் சில வேளை மாறுகின்றது. இவர்களுள் எவரையும் நாள் தவறியவர் என்று சமயம் ஒதுக்கவில்லை.

ஆறுமுக நாவலர் சைவ வினாவிடையில் விரதத்துக்குத் தந்த விளக்கம் இங்கு உதவுகின்றது. மனம் புலன்களின் பின்னே ஓடாமல் நிற்பதையே அவர் விரதத்தின் நோக்கமாகக் கூறுகின்றார். உணவை அறவே நீக்குவதையும் குறைத்துக்கொள்வதையும் அவர் ஏற்கின்றார். விதியும் வேண்டும், மெய்யான அன்பும் வேண்டும் என்கின்றார். கோயில் அறிவித்த நாளில் தாயை நினைந்து பசித்திருந்த அந்தப் பெண்ணிடம் விதியும் இருந்தது, அன்பும் இருந்தது. பஞ்சாங்கம் கணிப்பது அவள் கடமையன்று. கணிதத்தில் வேறுபாடு இருப்பினும் அவளது விரதத்தில் குறையில்லை.

அப்படியானால் எந்த நாளில் வேண்டுமானாலும் இருக்கலாமே, மனம் மட்டும் போதாதா என்று சிலர் கேட்பர். போதாது. எவ்வேளையும் தன் வசதியையே பார்க்கும் மனம், தான் தெரிவு செய்யாத ஒரு நாளுக்குத் தலைவணங்குவதே விரதத்தின் முதற்படி. திருமண விருந்து இருக்கின்றது, நாளை இருக்கலாம் என்று தள்ளிப்போடத் தொடங்கினால் விரதமும் ஆசையின் வழியே போய்விடும். இரண்டு பஞ்சாங்கங்களையும் விரித்து வைத்து, தனக்கு இலகுவான நாளைப் பொறுக்கியெடுப்பவரே உண்மையில் நாள் தவறியவர். அயலவரின் விரதம் பிழையென்று அவர் மனத்தை நோகச் செய்பவரும் அத்தகையவரே. வயிற்றைக் காயவிட்டு நாவைக் காவாமல் விட்டால் அதில் பயன் என்ன?

தொழிலின் இடரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தென்மேல் பருவக்காற்று ஓய்ந்து, மேற்குக் கரையில் கடல் அமைதியடைந்து தொழில் சூடுபிடிக்கும் ஐப்பசியிலேயே கந்தசஷ்டியும் வருகின்றது. இரவு முழுவதும் வலை இழுப்பவர் ஆறு நாட்களும் உபவாசமிருத்தல் எளிதன்று. நீரும் கிழங்கும் பழமும் பாலும் மருந்தும் விரதத்தைக் கெடுக்கா என்று தர்ம நூல்கள் இடமளித்துள்ளன. ஒருநேர உணவுடனோ பால் பழத்துடனோ அவர் விரதம் காக்கலாம். நீரிழிவு நோயாளரும், கர்ப்பிணிப் பெண்களும், முதியவர்களும் உடலை வருத்திக்கொள்ள வேண்டுமென்று எந்த விதியும் இல்லை. அவர்கள் மருந்தை நிறுத்துவது பக்தியாகாது.

கணிதத்தைத் திருத்துவதும் தவறன்று. முன்னோர் வாக்கியங்களை இயற்றியது வானத்தோடு நாளைப் பொருத்துவதற்கே. இந்தியாவில் 1952இல் மேகநாத் சாகா தலைமையில் அமைக்கப்பட்ட பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவும் இதே நோக்கில் ஆராய்ந்து 1955இல் அறிக்கை தந்தது. ஆனால் அத்தகைய மாற்றத்தை விரதத்துக்கு முந்திய இரவு வீட்டுக்கு வீடு வாதிட்டு முடிவு செய்தல் ஆகாது. ஆலய குருக்களும் பரிபாலன சபையினரும் பெரியோரும் ஆண்டுத் தொடக்கத்திலேயே கூடி ஆராய்ந்து, ஒரே நாளை ஊருக்கு அறிவித்தல் சிறந்தது. அந்த நாளில் ஊர் முழுவதும் ஒன்றாகப் பசித்து, ஒன்றாக வழிபட்டு, ஒன்றாகப் பாரணை செய்யும்போது விரதம் நிறைவு பெறுகின்றது.

தாய்க்குக் கஞ்சி வார்த்த அந்தப் பெண் கலங்க வேண்டியதில்லை. அடுத்த சித்திரையிலும் கோயில் மணி ஒலிக்கும்போது அவள் அதே அன்புடன் வரலாம். நாளைக் குறித்தவனும் மனத்தை அறிபவனும் ஒருவனே. எல்லாம் வல்ல இறைவன் திருவருள் அனைவருக்கும் கிட்டுவதாக.